பதினேழு ஏன் என்றால்

புது வேலையில் சேருகிறவருக்கு முதல் நாள் கொடுப்பது நாற்காலி என்று நினைப்பவர்கள் வேலை பார்த்தே இராதவர்கள். முதலில் கொடுப்பது ஓர் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டையும் தருவார்கள். பின்னால் இழுக்க வசதியாக இருக்கும். நம்முடையவர் அட்டையிலிருந்த புகைப்படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்று கேட்டதற்கு ஹெச்.ஆர். அம்மாள், "கதவுக்குக் கண்ணு எதுக்கு சார், உள்ள இருக்கிற சிப்பு போதும்" என்று சொல்லிவிட்டார்.

கதவுகள்தான் அந்தக் கம்பெனியின் தொழில். மரத்தை இழைக்கிற தொழில் இல்லை. அட்டையைக் காட்டினால் 'கீக்' என்று சத்தம் போட்டுத் திறக்கிறதே, அந்தக் கதவுகளுக்கு மூளை எழுதித் தருகிறவர்கள். விற்கிற சரக்கைத் தானும் பயன்படுத்த வேண்டும் என்ற நேர்மை முற்றிப்போய், அந்த ஐந்தாவது மாடியில் எல்லாவற்றுக்கும் கதவு வைத்து, எல்லாக் கதவுக்கும் பக்கத்தில் அட்டை காட்டும் கறுப்புப் பெட்டி ஒன்றையும் வைத்திருந்தார்கள். காகிதம் வைக்கிற அறைக்கு உண்டு. கழிப்பறைக்கும் உண்டு. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்ற விவரம் ஏழு வருடத்துக்குப் பத்திரமாக இருக்கும். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் நன்றி சொல்வார்கள்.

நம்முடையவருக்கு வயது நாற்பத்திரண்டு. நிரல் எழுதுகிறவர். முந்தைய கம்பெனி ஒரு செவ்வாய்க்கிழமை 'மறுசீரமைப்பு' செய்தது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்பதைப் பதினோரு மாதம் வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்தப் பதினோரு மாதத்தில் வீட்டிலிருந்த செருப்புகளை அளவுவாரியாக அடுக்கினார். மகளின் பள்ளிப் பாடங்களைச் சொல்லிக்கொடுக்கப் போய், "அப்பா, நீ வேலைக்கே போயிடேன்" என்று அவள் கும்பிடும் நிலைக்குக் கொண்டுவந்தார். மனைவி பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அந்த ஒற்றைச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

கடைசியில் வேலை வாங்கித் தந்தது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அந்தக் கம்பெனிக்குப் பூட்டு சப்ளை செய்கிறவன். "மாமாவை நான் சொல்லித்தான் எடுத்தாங்க" என்பதை அவன் உறவினர் வீட்டு விசேஷங்களில் மைக் இல்லாமலே அறிவித்துவந்தான். மூன்று மாதம் சோதனைக் காலம். முடிவில் ஒரு கடிதம் வரும். 'உறுதி செய்கிறோம்' என்று இருக்கலாம். 'நன்றி' என்றும் இருக்கலாம். நன்றிக் கடிதம் ஒன்று ஏற்கெனவே பீரோவில் இருந்தது. இரண்டாவது வந்தால் மச்சான் முகத்தில் விழிக்க முடியாது என்பது சின்னக் கவலை. மனைவி மறுபடியும் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டாளே என்பதுதான் பெரிய கவலை.

இதற்கு நடுவில்தான் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு வலைப்பூ இருந்தது. புனைபெயர் 'அரைப்புள்ளி'. நிரலில் வரிக்கு வரி அரைப்புள்ளி வைத்தாக வேண்டும். ஒன்று விட்டுப்போனால் மொத்தமும் படுத்துவிடும். நானும் அப்படித்தான், சின்னவன், ஆனால் இல்லாவிட்டால் தெரியும் என்ற பணிவு பூசிய கர்வத்தில் வைத்துக்கொண்ட பெயர். வாசகர்கள் நாற்பது பேர். அதில் ஒன்பது பேர் அவரே, வெவ்வேறு கணினிகளில். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் "நேரமில்லை" என்பார். பதினோரு மாதம் சும்மா இருந்தபோதும் எழுதவில்லை. அப்போது நேரம் இருந்தது, விஷயம் இல்லை. புது வேலையில் விஷயம் குவிந்தது, கேட்க ஆள் இல்லை. தினமும் சாயங்காலம் மனைவியிடம் ஆரம்பிப்பார். ஆறு வகுப்பு எடுத்துவிட்டு வந்தவள் ஒருநாள் சொல்லிவிட்டாள்:

"என்னங்க, காது புளிச்சுப் போச்சு. எழுதித் தொலைங்களேன். நான் படிக்காம இருந்துக்கறேன்."

துணி துவைக்கும் இயந்திரம் இருந்த மூலையில்தான் ஒரு பிளக் மிச்சம் இருந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து அங்கே ஸ்டூல் போட்டு எழுதினார். இயந்திரம் சுழலும்போது ஸ்டூலும் சுழலப் பார்க்கும். அந்தக் காலத்துப் பதிவுகளில் எழுத்துப் பிழை அதிகமாக இருந்தால் காரணம் இதுதான். முதல் பதிவு, 'திரும்பி வந்துவிட்டேன்'. இரண்டாவது, கழிப்பறைக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கும் அலுவலகத்தைப் பற்றி. மூன்றாவது, அவருடைய குழுத் தலைவியைப் பற்றி: 'எங்கள் தலைவி பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுவார். மூடியில் பல் தடம் ஆழமாக இருந்தால் வேலை அவசரம். "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.' பெயர் எதையும் போடவில்லை. பெயர் போடாவிட்டால் தப்பில்லை என்பது எழுதுகிறவர்களின் பரம்பரை மூடநம்பிக்கை.

முதல் பதிவு போட்ட பத்தாவது நிமிடம் ஒரு பின்னூட்டம் வந்து விழுந்தது. எழுதியவர் பெயர் 'கதவோரம்'.

'ஐயா! ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன். பதினேழு ஏன்?'

என்ன பதினேழு என்று அவருக்குப் பிடிபடவில்லை. யாரோ மறை கழன்ற ஆசாமி என்று நினைத்துக் குளிக்கப் போய்விட்டார்.

பிடிபட்டது இரண்டாவது வாரம். குழுத் தலைவி அவரைத் தன் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். முப்பத்துமூன்று வயது, கெட்டிக்காரி, வாயில் மூடி.

"ஒரு சின்ன விஷயம் சார்."

நம்முடையவர் மனதுக்குள் ஞாயிற்றுக்கிழமைக்கு அஞ்சலி செலுத்தினார்.

"அட்டையைக் காட்டினதும் அந்தப் பெட்டி, இந்த ஆளை உள்ள விடலாமான்னு மெயின் கம்ப்யூட்டரைக் கேக்கும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் காத்திருக்கும். எவ்வளவு நேரம்னா, இதோ பாருங்க."

திரையில் ஓர் எண். ஒரு நொடியை நூறாகப் பங்கிட்டால் அதில் பதினேழு பங்கு. நிரலுக்கு நடுவே மனிதர்களுக்காக எழுதிவைக்கும் குறிப்புகள் உண்டு, இயந்திரம் அவற்றைப் படிக்காது. எண்ணுக்கு மேலே அப்படி ஒரு குறிப்பு: 'இதைத் தொடாதே. குறைத்தால் கதவு திறக்காது. காரணம் அரைப்புள்ளியின் அடுத்த பதிவில் வரும்.' அதன் கீழே அவருடைய வலைப்பூவின் முகவரி.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்பதை அவர் அந்த நாற்காலியில் அறிந்துகொண்டார்.

"இதை யார் மேடம் எழுதினது?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் அந்தப் பதிவைப் பாத்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கார். ஏன் பதினேழுன்னு கேட்டா, 'அடுத்த பதிவுல வரும்மா, காத்திரு'ன்னுட்டு ரிட்டயர் ஆயிட்டார். வரவே இல்லை. ஆறு வருஷம் சார். இப்பத்தான் திடீர்னு மறுபடி எழுத ஆரம்பிச்சிருக்கார். 'கதவோரம்'ங்கிற பேர்ல கேட்டுக்கூடப் போட்டேன். பதிலே இல்லை."

"சும்மா யாராவது அரைகுறையா இருக்கும் மேடம்."

தலைவி மூடியை வாயிலிருந்து எடுத்தார். கோபம் வந்தால் எடுப்பார்.

"அப்படிச் சொல்லாதீங்க. அரைகுறைங்கதான் சார் முழுசா விளக்கும். பெரிய ஆளுங்கதான் பாதியில நிறுத்துவாங்க."

விஷயம் என்ன என்றால், புதிதாகக் கட்டுகிற ஒரு நூலகத்துக்கு நானூறு கதவுகள். பெட்டியும் புது மாடல். பழைய பதினேழு அதில் செல்லுபடியாகுமா என்று தெரிய வேண்டும். அதற்குப் பதினேழு ஏன் என்று தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது இவருடைய வேலை. கெடு, மூன்றாவது மாதக் கடைசி.

"உங்க புரொபேஷனும் அப்பதானே முடியுது? வசதியாப் போச்சு" என்றார் தலைவி. கெட்ட எண்ணமே இல்லாமல்தான் சொன்னார்.

நான்தான் அந்த அரைப்புள்ளி என்று சொல்லிவிட்டால் போச்சு என்று தோன்றும். சொல்ல முடியாது. சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அன்றைக்கு முதல்முறையாகப் படித்துப்பார்த்தார். பதினான்காவது பிரிவு: ஊழியர் யாரும் நிறுவனத்தைப் பற்றிப் பொதுவில் எழுதக் கூடாது, எழுதினால் உடனே விலக்கப்படுவார். படிக்காமல் ஒப்புக்கொள்வதில் நிரல்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஊருக்கெல்லாம் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தான் செய்துகொடுத்தவர்களே அவர்கள்தானே. கழிப்பறைப் பதிவும் பேனா மூடிப் பதிவும் வலையில் ஏறி நின்றன. அழித்துவிடலாம் என்றால், இரண்டையும் 'கதவோரம்' ஏற்கெனவே படித்து, சிரித்து, நண்பர்களுக்கும் அனுப்பியிருந்தார்.

சரி, காரணத்தையாவது கண்டுபிடிப்போம் என்று பழைய வரைவுகளைத் தோண்டினார். கிடைத்தது ஒரே வரி. 'பதினேழு ஏன் என்றால்'. அதோடு நின்றிருந்தது.

"இது எழுதறப்ப என்ன ஆச்சு, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று மனைவியிடம் கேட்டார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

"இருக்கு. அன்னிக்குக் குளியலறைக் குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி. நீங்க பாதியில எந்திரிச்சு ஓடி வந்தீங்க."

"அதான்! காரணம் தெரிஞ்சுதான் எழுத உக்காந்திருக்கேன். தண்ணியில போயிடுச்சு."

"குழாயை ஒன்றரை மணி நேரத்துல சரி பண்ணிட்டாங்க" என்றாள் அவள். "ஆறு வருஷம் ஆச்சுங்க."

வேதியியல் ஆசிரியைகளோடு வாழ்வதில் இது ஒரு சங்கடம். எதையும் வடிகட்டிப் பார்த்துவிடுவார்கள். உண்மை என்னவென்றால், காரணம் என்று ஒன்று அவருக்கு அன்றைக்கும் தெரியாது. அப்போதைய அலுவலகத்தில் இதே மாதிரி ஒரு கதவு மக்கர் செய்தது. ஒன்று போட்டுப்பார்த்தார், திறக்கவில்லை. இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட்டுப் பதினாறு வரை திறக்கவில்லை. பதினேழில் திறந்தது. அவ்வளவுதான். அதை அப்படியே எழுத வெட்கப்பட்டு, 'காரணம் அடுத்த பதிவில்' என்று ஒரு வால் சேர்த்துவிட்டார். குழாய் உடைந்தபோது அவருக்குப் பெரிய நிம்மதி. வலைப்பூ நின்றது நேரமில்லாமல் இல்லை. அடுத்த பதிவுக்குப் பயந்து நின்றது.

தன் பொய்யிடமே மாட்டிக்கொண்டவன் செய்யும் காரியம் ஒன்றுதான், வீரம் காட்டுவது. பதினேழே வேண்டாம், காத்திருப்பே வேண்டாம், புதுசாகச் சுத்தமாக எழுதித் தருகிறேன் என்று தலைவியிடம் சொன்னார். ஒன்பதாவது வாரம் எழுதி முடித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐந்தாவது மாடியில் ஓடவிட்டு, அதைப் பற்றிப் பேச மூன்று பேர் கண்ணாடிக் கூட்ட அறைக்குள் போனார்கள். அவர், தலைவி, சோதனைக்காரர். சோதனைக்காரருக்கு அலுவலகத்தில் பெயர் 'சந்தேகம்'. எதையும் உடைத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. உடையாவிட்டால் முகம் வாடிவிடும்.

பேசி முடித்து வெளியே வரத் தலைவி அட்டையைக் காட்டினார். கீக். கதவு அசையவில்லை.

சந்தேகம் காட்டினார். கீக். அவர் முகம் மலர்ந்தது. "அண்ணே, மாட்டிக்கிட்டோம்!"

மாடி முழுக்க இதே கதை. பழைய நிரலைத் திருப்பிப் போடத் தெரிந்த மூவரும் உள்ளேயே இருந்தார்கள். காகித அறைக்குள் ஒருவர், கழிப்பறைக்குள் இருவர். பூட்டுத் தெரிந்தவன் வர வேண்டும். மச்சானுக்குத் தகவல் போனது. அவன் ஊரின் அந்தக் கோடியில் இருந்தான்.

ஒரு மணி நாற்பது நிமிடம். கண்ணாடிக்கு வெளியே நின்று மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள் சிலர். துப்புரவு அம்மாள் டீக் குடுவையைத் தூக்கிக் காட்டி, வேண்டுமா என்று சைகையில் கேட்டுவிட்டு, கொடுக்க வழியில்லை என்பது புரிந்து தானே ஒரு கோப்பை குடித்தார். சந்தேகம் ஓயாமல் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். கீக், கீக், கீக். எண்ணிக்கை எழுதிக்கொண்டார்.

தலைவி பொழுது போகாமல் கைப்பேசியை எடுத்தார்.

"சார், அரைப்புள்ளி எழுதினதைக் கேளுங்க. வயிறு வலிக்கும்." மூடியைக் கடித்தபடியே வாசித்தார். "'எங்கள் தலைவி பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுவார்...' ஹய்யோ! பாவம் சார் இவர். யாரோ ஒரு பைத்தியக்காரிகிட்ட மாட்டிக்கிட்டு அவஸ்தைப்படறார்."

நம்முடையவர் தரையைப் பார்த்தார். சந்தேகம், அட்டையை நிறுத்தி, தலைவியின் வாயைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். பிறகு நம்முடையவரைப் பார்த்தார். திரும்பி மறுபடி கீக் என்றார்.

"உங்ககிட்ட மறைக்க விரும்பலை சார்" என்றார் தலைவி. "இது ஒத்து வரலைன்னா அரைப்புள்ளியையே வேலைக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன். மேலிடத்துலயும் பேசிட்டேன். இருக்கிறது ஒரே இடம். உங்க இடம். தப்பா நினைக்காதீங்க."

"அவர் வரமாட்டார் மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"சும்மா, ஒரு இதுல சொன்னேன்."

ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்காவது வால் மட்டும்தான் மாட்டியது. அவர் தன் நாற்காலிக்கே தானே போட்டியாளராக, தான் பூட்டிய அறையில், தன்னைப் பற்றிய புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கப் பிடிக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில்தான் அது கண்ணில் பட்டது. சந்தேகம் அட்டை காட்டுகிற ஒவ்வொரு முறையும் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மினுக்கென்று வந்து போனது. திறக்கச் சொல்லி மெயின் கம்ப்யூட்டரிலிருந்து பதில் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்தப் பச்சை 'கீக்' முடிவதற்கு முன்னாலேயே வந்தது.

பெட்டி, கத்துகிற வரைக்கும் எதையும் கேட்பதில்லை. வாய் திறந்திருந்தால் காது மூடிக்கொள்ளும் ஜாதி. மேலதிகாரிகளில் பலரைப் பார்த்திருந்தும் இது அவருக்கு ஆறு வருடமாகத் தோன்றவில்லை. கைப்பேசியில் சத்தத்தைப் பதிந்து அளந்தார். நூறில் பதினாறு பங்கு. கத்தி முடித்து, பதினேழாவது பங்கில்தான் பெட்டிக்குக் காது திறக்கிறது. நூலகத்துக்குப் போகும் புதுப் பெட்டி இன்னும் நீட்டி முழக்கும்; அவர் மேசையிலிருந்த மாதிரிப் பெட்டியைப் பிறகு அளந்ததில் அது தெரிந்தது. அதற்கு முப்பது வேண்டும். பதினேழோடு அனுப்பினால் நானூறு கதவுகளும் வாசகர்களை உள்ளே வைத்து அடைகாக்கும்.

மச்சான் வந்து திருப்புளியால் கதவைக் கழற்றினான். "மாமா, உங்களை உள்ள அனுப்பினதும் நானு, வெளிய எடுக்கிறதும் நானா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான். அவர் அன்றைக்கு அதற்கும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷம்.

அன்றிரவே நான்கு பக்க அறிக்கை எழுதி, மறுநாள் கொடுத்தார். தலைவி படித்தார். தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நீங்க நேத்திக்குத்தான் மாடியையே பூட்டினீங்க. அரைப்புள்ளி ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

அன்று மாலை அரைப்புள்ளிக்கு மின்னஞ்சல் வந்தது. வேலைக்கு அழைப்பு. 'நான் வேறிடத்தில் இருக்கிறேன், நன்றி' என்று பதில் எழுதினார். உடனே அடுத்தது வந்தது: 'அங்கே உங்களை மதிக்கிறார்களா ஐயா?' அந்த வரியை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். துணி துவைக்கும் இயந்திரம் தன் பாட்டுக்கு உதறி முடித்து, மணி அடித்து, நின்றது.

"என்னங்க, எழுதிடுங்க" என்றாள் மனைவி. ஈரத் துணியை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. என்ன கம்பெனியோ."

எழுதினார். ஆறு வருடம் கழித்து அந்த அடுத்த பதிவு வெளிவந்தது. தலைப்பு, 'பதினேழு ஏன் என்றால்'. புதுப் பெட்டிக்கு முப்பது வேண்டும் என்பதோடு, தான் ஒன்று முதல் பதினாறு வரை போட்டுப்பார்த்த கூத்தையும் ஒளிக்காமல் எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல பதிவு அதுதான். மறுநாள் காலை தலைவி அவர் மேசைக்கு ஓடிவந்தார்.

"பாத்தீங்களா சார்! நீங்க சொன்னதையேதான் சொல்றார், ஆனா எவ்வளவு தெளிவா! முப்பதுன்னே போட்டுடுங்க. உங்க கடிதத்தையும் இன்னிக்கே அனுப்பச் சொல்றேன்."

அந்தச் சந்தோஷம் மதியம் வரை இருந்தது. மதியம் சந்தேகம் தன் தொழிலைச் செய்தார். கெட்ட மனுஷர் இல்லை. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருந்தால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

"மேடம், ஒரே ஒரு டவுட்டு. புது மாடல் பெட்டி இன்னும் வெளியவே வரலை. அது எவ்வளவு நேரம் கத்தும்னு வெளியில இருக்கிற அரைப்புள்ளிக்கு எப்படித் தெரியும்?"

ஒரு மணி நேரத்தில் நம்முடையவர் ஹெச்.ஆர். அறையில் இருந்தார். அந்தப் பக்கம் ஹெச்.ஆர். அம்மாள், தலைவி. இந்தப் பக்கம் அவர். கதவு சாத்தியிருந்தது.

"நம்ம உள் விவரத்தை அரைப்புள்ளிக்கு நீங்கதானே குடுத்தீங்க?" தலைவியின் வாயில் மூடி இல்லை.

"இல்ல மேடம்."

"பின்ன யாரு? அந்தப் பெட்டியை அளந்தது நீங்க ஒருத்தர்தான்."

ரகசியத்தை வெளியில் கொடுத்தால் வேலை போவதோடு நிற்காது. வழக்கு வரும், மச்சானின் பூட்டு வியாபாரமும் போகும். வெளியில் எழுதினேன் என்றால் வேலை மட்டும் போகும். இருக்கிற இரண்டு குற்றங்களில் மலிவானதை அவர் எடுத்துக்கொண்டார்.

"நான் யாருக்கும் குடுக்கலை மேடம். அரைப்புள்ளியே நான்தான்."

தலைவி சிரித்தேவிட்டார். "சார், பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். நீங்களா?"

அதுதான் அன்றைக்கு உண்மையில் வலித்த இடம். ஹெச்.ஆர். அம்மாளின் கணினியில் வலைப்பூவைத் திறந்து, கடவுச்சொல்லைப் போட்டு, உள்ளே போய்க் காட்டினார். வரைவுகளின் பட்டியல் வந்தது. அதில் ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியோடு அந்த ஒற்றை வரி. தலைவி அதைப் பார்த்தார். பிறகு மவுஸைத் தன் பக்கம் இழுத்து, பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். கழிப்பறை. ஞாயிற்றுக்கிழமை. பேனா மூடி. இந்த முறை சிரிக்காமல் படித்தார். பை ஓரத்தில் செருகியிருந்த பேனாவை எடுத்துப் பார்த்தார். மூடியைக் கட்டை விரலால் தடவிப்பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். ஹெச்.ஆர். அம்மாளின் இழுப்பறை அது.

"ஆறு வருஷம் காத்திருந்தேன் சார்" என்றார்.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மச்சான், மனைவி, மகள் மூவரும் சுற்றி நிற்க அவர் பிரித்தார். 'உறுதி செய்கிறோம்' என்றுதான் இருந்தது. பதினான்காவது பிரிவை மீறியதை நிறுவனம் பெருந்தன்மையோடு மன்னிக்கிறது. அவருடைய எழுத்துத் திறமையை வரவேற்கிறது. இனி அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிறுவனத்தின் வலைத்தளத்தில் சொந்தப் பெயரில் ஒரு பதிவு எழுத வேண்டும். குழுத் தலைவி, சட்டப் பிரிவு, விளம்பரப் பிரிவு மூவரும் ஒப்புதல் தந்த பிறகு அது வெளிவரும். அரைப்புள்ளியில் இனி ஒரு வரிகூட, ஒரு பின்னூட்டம்கூட எழுதக் கூடாது.

"பாத்தியாக்கா, மாமாவுக்கு எழுதறதுக்கே சம்பளம்!" என்றான் மச்சான்.

மனைவி கடிதத்தை வாங்கி முழுதும் படித்தாள். கடைசி வரியை இரண்டு முறை படித்தாள் என்று தோன்றியது. "காலையில ஸ்டூலை எடுத்துடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

நூலகம் திறந்தது. நானூறு கதவுகளும் திறந்தன. எவரும் கவனிக்கவில்லை. கதவுக்கு அதுதான் பாராட்டு.

முதல் திங்கட்கிழமைக்கு எண்ணூறு சொற்கள் எழுதிக் கொடுத்தார். சட்டப் பிரிவு முந்நூறை வெட்டியது. விளம்பரப் பிரிவு, நகைச்சுவை நிறுவனத்தின் குரலுக்குப் பொருந்தாது என்று முந்நூறு. மிச்சத்தில் பாதியைத் தலைவி சிவப்பு மையால் அடித்தார். வெளியான நூறு சொற்களில் நாற்பது கம்பெனியின் விலாசம். பக்கத்தில் அவர் புகைப்படம், கண்ணை மூடிக்கொண்டு.

இரண்டு வாரம் கழித்து, ஒரு பகல்பொழுதில், பழைய வலைப்பூவைச் சும்மா திறந்துபார்த்தார். படிக்கத் தடை இல்லையே. புதிதாக ஒரு பின்னூட்டம் இருந்தது. எழுதியவர், கதவோரம்.

'ஐயா, ஏதோ ஒரு கம்பெனித் தளத்தில் எழுதுகிறீர்கள், படித்தேன். நன்றாகவே இல்லை. யாரோ போட்டு வெட்டுகிறார்கள் போலிருக்கிறது. விட்டுக்கொடுக்காதீர்கள். பழையபடி எழுதுங்கள். ஒரு வாசகியாகக் கேட்கிறேன்.'

நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைவி அடுத்த திங்கட்கிழமைக்கான தாளை விரித்துவைத்துக் குனிந்திருந்தார். கையில் சிவப்புப் பேனா. புது மூடி. ஒரு வரியை வெகுநேரம் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. பிறகு அந்த வரியை அடித்தார்.

பதில் எழுதுவதற்கு விரல் போனது. ஒரு பின்னூட்டம்கூடக் கூடாது. எழுந்து கழிப்பறைப் பக்கம் நடந்தார். அட்டையைக் காட்டினார். கீக் என்றது. கத்தி முடிக்கும்வரை நின்றார். கதவு திறந்தது. மணி பதினொன்று பதினான்கு. ஏழு வருடத்துக்குப் பத்திரமாக இருக்கும்.